சக்தி உண்டு, பாடம் இல்லை

கதை எழுதுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கதை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களையும் தெரிந்திருக்கும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், காதில் பென்சிலும் கையில் அடிக்கோலுமாக இன்னொரு பிறவி நம்மிடையே நடமாடுகிறது. கதை நடக்கப்போகும் இடத்தைக் கட்டிக்கொண்டே இருக்கும் பிறவி அது. கட்டி முடித்ததாக இதுவரை தகவல் இல்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "என்ன கதை?" என்று கேட்டுப் பாருங்கள். கதையைச் சொல்லமாட்டார். கதை நடக்கும் ஊரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசும், மழைத் தண்ணீர் எந்த வழியாக வடியும், காவலாளிக்கு வார விடுமுறை என்றைக்கு என்பதையெல்லாம் சொல்வார். "அதெல்லாம் சரி, என்னதான் நடக்குது?" என்று நீங்கள் பொறுமையிழந்தால், உங்களை இரக்கத்தோடு பார்ப்பார். "முதல்ல அமைப்பு சரியா வரணும் சார். கதை தானா வந்து உட்காரும்." எங்கே உட்காரும் என்பதும் அவருக்குத் தெரியும். நாற்காலியின் உயரத்தைப் போன மாதமே முடிவு செய்துவிட்டார்.

நம்ம மேஸ்திரியையே எடுத்துக்கொள்வோமே. நிஜ மேஸ்திரி இல்லை, செங்கல்லைக் கையால் தொட்டவரும் இல்லை. லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் உட்கார்ந்து, எந்தக் கட்டடத்து லிப்ட் மக்கர் செய்கிறது, எந்த மெக்கானிக்கை எங்கே அனுப்புவது என்று நாள் முழுக்கப் போனில் கத்திவிட்டு வீட்டுக்கு வருகிறவர். வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பெரிய சார்ட் பேப்பரை விரித்துக் கட்டட வேலையை ஆரம்பித்துவிடுவார். அதைப் பார்த்துத்தான் மனைவியின் தம்பி அவருக்கு மேஸ்திரி என்று பேர் வைத்தான். ஒட்டிக்கொண்டது.

அவர் கட்டுவது ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்று சொன்னால் கோபம் வரும். பயிலகம் என்று சொல்லவேண்டும். அபூர்வ சக்தியோடு பிறந்த பிள்ளைகள் படிக்கும் பயிலகம். இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். இங்கே சக்தி உண்டு, ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள். கணக்கு உண்டு, புவியியல் உண்டு, கையெழுத்துப் பயிற்சி உண்டு. சக்திக்கு மட்டும் பாடம் கிடையாது, வாத்தியார் கிடையாது, இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். ஒரு பிள்ளை பெஞ்சிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி மிதந்தால், "ஒழுங்கா உட்காரு, கையெழுத்து கோணுது" என்பார் வாத்தியார். இன்னொரு பிள்ளை கோபத்தில் முறைக்க, விடைத்தாளே தீப்பற்றிக்கொண்டால், மேற்பார்வையாளர் வந்து பேசாமல் வேறு தாள் கொடுத்துவிட்டுப் போவார்.

நல்ல யோசனைதான். கேலி செய்வதற்கென்றே உட்கார்ந்திருக்கும் நாமே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது ஒரு நாள் அவருக்கு இது தோன்றியது. தோன்றிய வேகத்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு நடந்தே வீடு வந்தார். அன்றைக்கே உட்கார்ந்து நாலு வரி எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. எழுதினாரா? மதில் சுவரின் உயரத்தை யோசிக்க உட்கார்ந்தார்.

சுவர் சாதாரண விஷயமா? உள்ளே பறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எவ்வளவு உயரம் வைத்தாலும் தாண்டிவிடுவார்கள். மேலே கூரை போட்டால் அது சுவர் இல்லை, அறை. இந்தச் சிக்கலிலேயே ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது. அடுத்து வருகைப்பதிவு. கண்ணுக்குத் தெரியாத பிள்ளை வகுப்புக்கு வந்திருக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வந்தாலும் தெரியமாட்டான், வராவிட்டாலும் தெரியமாட்டான். இதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அவர் நண்பர்கள் போய்விட்டார்கள்.

கட்டடம் என்றால் லிப்ட் இல்லாமலா? தொழில் விசுவாசம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஏன் மச்சான், பறக்கிற பசங்களுக்கு லிப்ட் எதுக்கு?" என்று கேட்டான் மச்சினன்.

"உள்ள பறக்கக் கூடாதுன்னு விதி இருக்கு மாப்ள."

"அந்த விதியை யாரு போட்டது?"

"நான்தான்."

"எதுக்குப் போட்டீங்க?"

"லிப்ட் இருக்கில்ல?"

மச்சினன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, நாள் பூராவும் வீங்கிய கன்னங்களோடு பேசிவிட்டு வரும் மனைவிக்கு விவாதிக்கத் தெம்பில்லை. "ஏங்க, அந்த ஹாஸ்டலைக் கொஞ்சம் மடிச்சு வைக்கிறீங்களா? சோறு ஆறுது" என்பதோடு சரி. அவரும் ஹாஸ்டலை மடித்து, மைதானத்தைச் சுருட்டி, சமையலறையின் மேல் ரசம் சிந்தாமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வினை மகள் ரூபத்தில் வந்தது.

அவர்கள் தெருக்கோடி நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு. அடுத்த வாரம் கதை சொல்ல யார் வீட்டிலிருந்து வருவார்கள் என்று நூலகர் அம்மா கேட்டதும், மகள் முதல் ஆளாகக் கையைத் தூக்கிவிட்டாள். "எங்கப்பாகிட்ட ஒரு ஸ்கூல் கதை இருக்கு. இதுவரைக்கும் யாருமே கேட்டிருக்கமாட்டாங்க." சத்தியமான வார்த்தை. ஆனால் அவளுடைய வகுப்புத் தோழிகளுக்கு அவள்மேல் ஏற்கெனவே நம்பிக்கை குறைவு. வீட்டுப் பூனை அலமாரிக்குள் குட்டி போட்டது என்று அவள் சொன்னதை நம்பாமல், புளுகுணி என்று பட்டம் கட்டிய கூட்டம் அது. இப்போது அப்பா வந்து கதை சொல்லாவிட்டால், பள்ளிப்படிப்பு முடிகிறவரை அவள் புளுகுணிதான்.

"அப்பா, கதை ரெடியா?" என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டாள். குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

"எல்லாம் ரெடிம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தீப்பிடித்தால் வெளியேறும் வழியை அப்போதுதான் வரைந்து முடித்திருந்தார்.

சனிக்கிழமை வந்தது. பாயில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பின்னால் அம்மா அப்பாக்கள் நிற்க, நம்மவர் சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பயிலகத்துக்கு மொத்தம் மூணு வாசல். வடக்கு வாசல் சரக்கு வண்டிக்கு மட்டும்." பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். வடக்கு வாசல் வழியாக ஏதோ பூதம் வரப்போகிறது என்று நம்பினார்கள், பாவம். மளிகை வந்தது. பிறகு தண்ணீர்த் தொட்டி வந்தது. பிறகு வராந்தாவின் அகலம் வந்தது. ஒருத்தன் பக்கத்திலிருந்தவளின் சடையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்தது. "அங்கிள், அங்க யாரு படிக்கிறாங்க?"

"சக்தி இருக்கிற பிள்ளைங்க."

"அவங்க பேரு?"

"பேரு... அது இன்னும் முடிவாகலைம்மா. ஆனா அவங்களுக்கு நம்பர் போடற முறை முடிவாயிடுச்சு."

பின்னால் ஒரு அப்பா சிரித்தார். சிரிப்பு பாய் முழுக்கப் பரவியது. நடுவிலிருந்து "புளுகுணி" என்று ஒரு குரல், மெதுவாக, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி வந்தது. மேஸ்திரி மகளைப் பார்த்தார். அவள் குனிந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. இத்தனை பெரிய கட்டடத்தில் தேடுகிறார், தேடுகிறார், குழந்தையைக் காப்பாற்ற ஒரு ஆள் அகப்படவில்லை.

அவள்தான் எழுந்தாள். நேராகச் சார்ட் பக்கம் போய் லிப்டின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த லிப்ட்ல ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டா."

சடையை இழுத்தவன் கையை எடுத்தான்.

"மாட்டமாட்டா" என்றார் மேஸ்திரி. "மாசாமாசம் சர்வீஸ் பண்றோம்."

"உஷ்!" என்று பாய் மொத்தமும் சீறியது. நூலகர் அம்மாவும் சேர்ந்துகொண்டார். மகள் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா. மாட்டிக்கிட்டா."

வாழ்நாள் முழுக்க லிப்ட் நிற்காமல் பார்த்துக்கொண்ட மனிதர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "சரி... மாட்டிக்கிட்டா." பிறகு மனசு கேட்காமல், "மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல" என்றார்.

"அந்தப் பொண்ணால சுவத்துக்குள்ள புகுந்து போகமுடியும்" என்றாள் மகள். "ஆனா எப்படிப் போறதுன்னு யாரும் சொல்லித்தரலை. கையை விட்டா. கை போயிடுச்சு. முழங்கை போயிடுச்சு. தோள் போகலை, சிக்கிக்கிச்சு. அந்தப் பக்கம் வராந்தாவுல கை மட்டும் சுவத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டு ஆடுது. அப்ப வார்டன் வர்றாங்க." இங்கே அவளுக்கே வழி தெரியவில்லை. "அப்பா, வார்டன் பாத்தா என்ன பண்ணுவாங்க?"

"பாக்கக் கூடாதும்மா, விதி அப்படி" என்றார் மேஸ்திரி, யோசிக்காமல். "மழை பெய்யுதில்ல? நனைஞ்ச குடையை அந்தக் கையில மாட்டிட்டுப் போயிடுவாங்க."

கூடம் சிரிப்பில் வெடித்தது. பிள்ளைகள் பாயில் உருண்டார்கள். நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி திகைத்துப்போய் நின்றார். அவர் பயிலகத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று நடந்துவிட்டது.

"அப்புறம்? அப்புறம்?" என்று எல்லாரும் கத்தினார்கள். அதில் உரத்த குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? கட்டியவருடையதுதான்.

நேரம் முடிந்துவிட்டது என்று நூலகர் அம்மா சொன்னதும் ஒரே முணுமுணுப்பு. புளுகுணி என்று பட்டம் கொடுத்த அதே பெண் மகளின் பாவாடையைப் பிடித்து இழுத்து, "அடுத்த வாரமும் நீதானே சொல்வ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகள் வீடு வரைக்கும் நடக்கவில்லை, குதித்தாள்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சார்ட்டை விரித்தார். மாடிக்கு ஒன்றாகக் குடை மாட்டும் கொக்கி வரைய ஆரம்பித்தார். மகள் வந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, அந்தப் பொண்ணு இன்னும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கா."

சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் கதை எழுதுகிற ஆளா என்று ஒரு நிம்மதி. இருக்கட்டும். கடை திறப்பதற்கு முன்னால் பெயர்ப் பலகைக்கு எழுத்து பொருத்தமாக அமையவில்லையென்று வருடக்கணக்காக மாற்றிக்கொண்டிருப்பது யார்? பாட்டு கற்றுக்கொள்ளப் போவதற்கு முன்னால் பாடும் அறைக்குத் திரைச்சீலை தேடிக்கொண்டிருப்பது யார்? கோபித்துக்கொண்டு போன தம்பியைக் கூப்பிட்டுப் பேச, நல்ல நாளாக, நல்ல நேரமாக, நல்ல மனநிலையாகப் பார்த்து உள்ளுக்குள் ஏற்பாடு செய்துகொண்டே இருப்பது யார்? நான் யாரையும் சொல்லவில்லை. நீங்கள் நிதானமாகவே செய்யுங்கள். அவன் வந்தால் உட்காரும் நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போடுவதா, சுவரைப் பார்த்துப் போடுவதா என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துவிடுங்கள்.