மாப்பிள்ளை பொருத்திய டர்போ

பானட் மூடவில்லை.

பேராசிரியர் இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். முழங்கையை ஊன்றி அழுத்தினார். கடைசியில் திரும்பி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். காரின் மூக்குதான் தரையை நோக்கி இறங்கியதே ஒழிய, பானட்டுக்குக் கீழே நாலு விரல் இடைவெளி அப்படியே இருந்தது.

"ஏங்க, கார் மேல உக்காந்து என்ன பண்றீங்க?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"யோசிக்கிறேன்."

"உள்ள வந்து நாற்காலில உக்காந்து யோசிக்கக் கூடாதா?"

பேராசிரியர் உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் பொறியியல் கல்லூரியில் எஞ்சின் பாடம் நடத்தியவர் அவர். மாணவர்கள் வைத்த பெயர் டர்போ சார். வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டி விசிறியைச் சுற்றவிட்டு, அந்தச் சுழற்சியைக் கொண்டே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாதனம் டர்போ. அதை அவர் மூன்று வண்ணச் சாக்பீஸால் வரைந்து காட்டும்போது கடைசி பெஞ்சுகூட விழித்துக்கொள்ளும். சோதனைக்கூடத்தில் ஸ்பானர் பிடிக்கிற வேலையை மட்டும் உதவியாளர் பார்த்துக்கொள்வார். ஆக, முப்பத்தொரு வருஷத்தில் பேராசிரியர் ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. இது யாருக்கும் தெரியாது. போன வாரம் வரைக்கும் அவருக்கே தெரியாது.

ஓய்வு பெற்றதும், இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். டர்போ இல்லாத, தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும் எஞ்சின். அடுத்த மாதம் பழைய மாணவர்கள் கூட்டம். "டர்போ சார் வண்டியில டர்போ இல்லையா சார்?" என்று எவனோ போனில் சிரிக்க, "கூட்டத்துக்கு வர்றப்போ பாரு" என்று இவர் வாயை விட்டுவிட்டார். டர்போ ஒன்றை வாங்கிவந்து, ஒரு வாரமாகத் தன் கையாலேயே பொருத்திக்கொண்டிருந்தார்.

மாடியில் குடியிருந்த மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பி, கையில் சாப்பாட்டுப் பையுடன் படியிறங்கி வந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை அவருக்கு. அதிர்ந்து பேசமாட்டார். ஒரு நிமிஷம் குனிந்து எஞ்சினைப் பார்த்தார்.

"மாமா, டர்போ கொஞ்சம் மேல நிக்குது. கழட்டி இறக்கி மாட்டினா பானட் மூடிடும். அப்புறம்... ஆயில் திரும்பி வர்ற குழாய் மேல்பக்கமா வளைஞ்சு போகுதே? கீழ்நோக்கி இருந்தாத்தானே ஆயில் தானா இறங்கும்?"

பேராசிரியருக்குச் சுருக்கென்றது.

"மாப்பிள்ளை, மேல போறது கீழ வர்றதெல்லாம் லிஃப்ட்டுல பாருங்க. இது டர்போ."

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போய்விட்டார்.

டர்போவைக் கழற்றினால் மாப்பிள்ளை சொல்லிச் செய்ததாகிவிடும். அதனால் பேராசிரியர் பானட்டில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டார். வட்டம் என்பது அவர் எண்ணம். ஓட்டை என்னவோ மாம்பழ வடிவத்தில் வந்தது. ஆனால் பானட் மூடிக்கொண்டது. டர்போ அந்த ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது.

முதல் தடவை எஞ்சினைக் கிளப்பியதும் நீலம் கலந்த வெள்ளைப் புகை கிளம்பித் தெருவையே மூடியது. பக்கத்து வீட்டில் பல் டாக்டரின் கிளினிக். வாயில் பஞ்சை அடைத்திருந்த நோயாளி ஒருவர் திறந்த வாயோடு வாசலுக்கு ஓடிவந்து, ஏதோ சொல்ல முயன்று, "ஈ! ஈ!" என்றார். "தீ" என்கிறார் என்பதைப் புரிந்துகொண்ட பல் டாக்டர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் ஓட்டை போட்ட பானட்டைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது பேராசிரியருக்கு.

ஆயில் அதிகமாகப் போவதால்தான் புகை என்று முடிவு கட்டி, டர்போவுக்கு ஆயில் போகும் வழியைப் பாதியாக அடைத்தார். புகை குறைந்தது. ஆனால் ஆயில் பற்றாமல் டர்போ ஊளையிட ஆரம்பித்தது. தெருநாய்கள் எல்லாம் பதில் ஊளை கொடுத்தன.

"ஏங்க, இதை இதோட விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். வந்து உக்காரு."

முதல் இரண்டு நிமிஷம் சொர்க்கம். முதுகை இருக்கையோடு சேர்த்துத் தள்ளியது வண்டி. பேராசிரியர் சத்தம் போட்டே சிரித்தார். பிறகு எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக டகவென்று ஒரு சத்தம்.

"என்னமோ தட்டுதுங்க."

"அது சக்தி. உனக்குப் புரியாது."

சக்தி இன்னும் நாலு தடவை தட்டிவிட்டு, டமால் என்றது. வண்டி கடைத்தெரு நடுவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். இறங்கி ஓரமாகத் தள்ளியபோது, பஸ்ஸிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "பெரியவரே, பானட்டுல என்ன, புகைபோக்கியா?" என்று கேட்டார்கள். பேராசிரியர் தலை நிமிரவில்லை. மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டே தள்ளினாள்.

போன் செய்தவுடன் மாப்பிள்ளை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினைத் தொடத் தெரிஞ்ச பட்டறை ஊர்ல ஒண்ணுதான் இருக்கு மாமா. நாளைக்கு இழுத்துட்டுப் போகச் சொல்றேன். நீங்க காலையில ஒரு நடை போனாப் போதும்" என்றார்.

மறுநாள் பட்டறை வாசலில் பேராசிரியர் கால் வைத்ததும், எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த முதலாளி நிமிர்ந்தார்.

"சார்! டர்போ சார்! என்னைத் தெரியலையா? கடைசி பெஞ்சு!"

பேராசிரியர் அடையாளம் கண்டுகொண்டார். பழைய மாணவன். சுற்றிலும் ஏழெட்டு வேலைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"இவர் பாடம் நடத்தித்தான்டா நான் எஞ்சினையே புரிஞ்சுக்கிட்டேன்" என்று அவர்களிடம் சொன்ன முதலாளி, சிவப்புக் காரைப் பார்த்தார். "சார், இந்த வேலையை... யார் சார் பண்ணினது?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை" என்றார் பேராசிரியர்.

வேலைக்காரர்களில் ஒருவர் சட்டென்று இருமினார். முதலாளி அவரை முறைத்தார்.

"ஆயில் குழாயை மேல்நோக்கி மாட்டினது?"

"மாப்பிள்ளைதான்."

"இந்த ஓட்டை?"

"அதுவும் அவர்தான்."

"சார், இந்த எஞ்சின் ஏற்கெனவே காத்தை இறுக்கி நசுக்குற எஞ்சின். அதுல மேல மேல திணிச்சா பிஸ்டன் தாங்குமா? முதல்ல பிஸ்டனை மாத்தணும், அப்புறம்தான் டர்போ. முதல் கிளாஸ்லயே நீங்க சொன்னதாச்சே! உங்களை மாதிரி ஒருத்தர் வீட்டுல இருக்கப்போ, ஒரு வார்த்தை கேக்கணும்னு அந்த மனுஷனுக்குத் தோணலையா?"

"கேக்கல" என்றார் பேராசிரியர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"முட்டாள் சார். மன்னிச்சுக்கோங்க, உங்க மாப்பிள்ளையைச் சொல்றேன்."

"பரவாயில்ல. சொல்லுங்க."

முதலாளி சொன்னார். மனதாரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினில் கை வைக்கிறவன், அகம்பாவம் பிடித்தவன், ஸ்பானரைக் கண்ணில் காட்டக் கூடாதவன் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒவ்வொன்றும் பேராசிரியர் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கீழே வந்தார். "பட்டறையில என்ன மாமா சொன்னாங்க?"

"யாரோ... தப்பா மாட்டியிருக்காங்களாம்" என்றார் பேராசிரியர், தட்டைப் பார்த்தபடி.

"சரியாயிடும் மாமா. நீங்க கவலைப்படாம சாப்பிடுங்க."

சாப்பாடு இறங்கவில்லை. "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று மகள் அம்மாவைக் கேட்டாள். எல்லாம் தெரிந்த அம்மா, "வயித்துல ஏதோ தட்டுதாம்" என்றாள்.

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை பட்டறைக்குப் போகவேண்டி வந்தது. போகிற ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளையின் குற்றப்பட்டியல் நீண்டது. வேலைக்காரர்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். "இன்னிக்கு மாப்பிள்ளை இறுக்காம விட்ட போல்ட் ஒண்ணு கிடைச்சுது சார்" என்பார் ஒருவர். "ரெண்டு" என்பார் இன்னொருவர். மூன்றாவது தடவை பேராசிரியரே பொறுக்கமாட்டாமல், "அவர் நல்ல மனுஷன்தான்" என்றார். "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றார் முதலாளி. அது போல்ட்டைவிட மோசமாகக் குத்தியது.

வண்டி தயாராகிவிட்டது என்று போன் வந்த அன்று, பேராசிரியர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். டர்போவை எடுத்துவிட்டு, பானட்டை அடைத்து, புதுப் பிஸ்டன் போட்டிருந்தார்கள். எஞ்சின் பழையபடி தானாகக் காற்றை இழுத்துக்கொண்டது. சாவியை வாங்க முன்மேஜைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேஜையில், டெலிபோனுக்குப் பக்கத்தில், உடைந்த பிஸ்டன் ஒன்றைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'மாப்பிள்ளை உடைத்தது. தெரியாத வேலையில் கை வைக்காதீர்கள்.'

வண்டி விட வந்த ஒரு தம்பதி அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எந்த வீட்டு மாப்பிள்ளையோ, பாவம். பொண்ணு குடுத்தவங்களைச் சொல்லணும்" என்றாள் அந்த அம்மாள்.

பேராசிரியருக்குக் காது மடல் கொதித்தது. கடைத்தெருவில் வண்டி தள்ளியது, தீயணைப்பு வண்டி வந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அந்த முகம் நினைவில் வந்து நின்றது. அந்தச் சீட்டைக் கிழித்தெடுத்தார்.

"மாப்பிள்ளை உடைக்கல" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நான்தான் உடைச்சேன். குழாயை மாட்டினது நான். ஓட்டை போட்டது நான். அவர் அன்னிக்கே தப்புன்னு சொன்னாரு. நான்தான் லிஃப்ட்டுக்காரன்னு இளக்காரமாப் பேசினேன். முப்பத்தொரு வருஷத்துல ஒரு நட்டுகூடக் கழட்டாதவன் நான். உங்க முன்னாடி மானம் போயிடுமேன்னு அவர் தலையில போட்டுட்டேன். நீங்க திட்டினதெல்லாம் என்னைத்தான். எனக்கு நல்லா வேணும்."

முதலாளி கையிலிருந்த துணியால் துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். சிரித்த தம்பதி சுவரில் மாட்டியிருந்த டயர் விளம்பரத்தை ஊன்றிப் படித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் ஒரு போல்ட் தளர்ந்த மாதிரியும் இருந்தது. மாப்பிள்ளையிடம் போய் இதையே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தார்.

முன்மேஜையில் டெலிபோன் எடுக்கும் பெண்மணி கிழிந்த சீட்டை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, மேஜைமேல் வைத்து நீவிவிட்டார்.

"ஐயோ சார், நேத்து வந்து இதை எழுதி ஒட்டினதே உங்க மாப்பிள்ளைதான், அதுவுமில்லாம வண்டி இங்க வர்றதுக்கு முந்தின நாளே வந்து, 'மாமா என் பேரைத்தான் சொல்லுவாரு, நீங்களும் அவர் முன்னாடி என்னையே நல்லாத் திட்டுங்க, அப்பத்தான் அவர் மானம் போகாது'னு எங்க எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டுப் போனாரு!"