தானியங்கி

பூமி தானாகச் சுற்றுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் மேல்நாட்டார். அதற்குத் தென்காசியிலிருந்து பதில் நடவடிக்கை எடுத்தவர் என் கணவர் ஆவுடையப்பன் அவர்கள். தாலுகா ஆபீஸ் தலைமை குமாஸ்தா, தென்காசி-குற்றாலம் வானியல் சங்கச் செயலாளர். ஆனி மாதம் குற்றாலத்தில் கூடிய சங்கத்தின் முதல் கூட்டம், சாரலை மட்டும் ஆராய்ந்து கலைந்தது.

நட்சத்திரங்களைப் படமெடுக்கக் காமிராவை இருபது நிமிடம் திறந்து வைக்கவேண்டும். அதற்குள் பூமி நகர்ந்து, புள்ளிகள் கோடுகளாகிவிடும். ஆகவே இரண்டு பலகைகளைக் கதவுக் கீலால் இணைத்தார். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஊர்க் கோயிலின் இடிந்த கோபுரத்தின் பிளவில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்திருக்கும். கீல் அதற்கு நேராக. மேல் பலகையில் காமிரா, அடியில் ஒரு நீண்ட போல்ட்டு. அதை நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், காமிரா வானத்தோடு நகரும். கருவியின் பெயர் ‘தானியங்கி’.

சுற்றுவது யார் என்பது சிறு விவரம். நான்தான்.

அது 1962, தை மாதம், இரவு எட்டு மணி. காமிரா கொடுத்தவர் சங்கத்தின் மற்றோர் உறுப்பினர், கடையநல்லூர் ஸ்டூடியோ ஹபீபுல்லா.

“மைனிக்குக் கை கடுக்காதா அண்ணாச்சி?”

“மாவாட்டுத கை வே அது. ஏட்டி சுந்தரி, கண்ணு கடியாரத்துலயே இருக்கணும். அண்ணாந்து பாத்துராத.”

“ஒரே ஒருக்கா பாத்துக்கிடுதேனே.”

“நீ எதுக்குப் பாக்கணும்? அதான் படம் வருதுல்லா!”

இருவரும் சாய்வு நாற்காலிகளில் சாய்ந்து வானத்தைப் பாராட்டத் தொடங்கினார்கள்.

கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததியைக் காட்டி, “தெரியுதா?” என்றார்கள். “தெரியுது” என்றேன். ஒன்பது வருடமாக எனக்கும் நட்சத்திரங்களுக்கும் இருந்த உறவு அந்த ஒரு பொய்தான்.

பதினான்காவது சுற்றில் நிமிர்ந்தேன்.

மூன்று நட்சத்திரங்கள், ஒரே வரிசையில். அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை. எனக்குள் வெகுகாலமாக எதையோ எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தி, எண்ணுவதை நிறுத்தினாள். கை போல்ட்டின் மேல்தான் இருந்தது. சுற்றவில்லை.

படத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வால் முளைத்திருந்தது. சென்னைப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய படம். சங்கம் அவசரமாகக் கூடியது.

“நான்தான் நிறுத்திட்டேன். மேல பாத்தேன்” என்றேன், காபியை வைத்தபடி.

“அப்ப அதையே எழுதிரலாமே அண்ணாச்சி. மைனி சுத்தினாக, நடுவுல நிறுத்திட்டாகன்னு.”

“தானியங்கின்னு பேரு வச்சாச்சே வே! பொம்பளை சுத்தினான்னா எவன் மதிப்பான்?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: ‘மேற்படி தேதியில் இரவு எட்டு மணி பதினான்கு நிமிடம் முதல் ஆறு நிமிட நேரம், பூமியின் சுழற்சியில் ஒழுங்கீனம் காணப்பட்டது.’

துணிச்சலான மனிதர். பூமியின் மேலேயே குற்றம் எழுதிய அந்தப் பேனாவில், என் பெயரை எழுதத்தான் மை இல்லை.