ஆரோடை கோவம்?

உலகத்து வியாதிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கேள்வி போதும் என்று நம்பியவர் லண்டனிலேயே ஒருவர்தான். அவர் நோர்பரியில் எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார்.

பப்புவா நியூகினி மலைநாட்டில், மெல்பா என்ற இனத்தில் பிறந்தவர். வேதாகமம் படிக்க 2009இல் லண்டன் வந்திருந்தார். மூன்று வேளையும் வற்றாளை என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிட்டதால் அம்மா வைத்த பெயர் கிழங்கக்கா.

மனதில் ஒளித்து வைத்த கோபம்தான் நோயாக வரும், அதை வாய்விட்டுச் சொல்லி ஜெபித்தால் போய்விடும் என்பது அவருடைய ஊர் நம்பிக்கை. அதனால் என்னிடம் அவர் கேட்டுப் படித்த முதல் தமிழ் வாக்கியம், "ஆரோடை கோவம்?"

பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கடைக்கார அண்ணையிடம் அதைக் கேட்டார். அண்ணை திடுக்கிட்டு, "மனிசியோடை" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் மனைவி கல்லாவில்தான் நின்றார். முருங்கைக்காய்களுக்கு நடுவே கிழங்கக்கா கண்ணை மூடி ஜெபித்தார். அண்ணைக்கு அது கட்டாயம் தேவைப்பட்டது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசல் மிதித்தவள் நான், அதுவும் உயிரியல். விடுவேனா?

"அக்கா, தடிமன், சளியெல்லாம் வைரசாலை வாறது."

"சரி. அந்த வைரஸ் ஏன் உன்னைத் தேடி வந்தது?"

கேள்விக்குக் கேள்வி. நானும் விடாமல் கேட்பேன். உங்கள் ஊரில் பன்றி எங்கே படுக்கும்? "முந்தி வீட்டுக்குள்ளே, பெண்களோடு." கோவிலுக்கும் வருமா? "கூப்பிடாமலே வரும். பிரசங்கம் நீண்டால் முதலில் எழுந்து போவதும் அதுதான்."

அந்த வருடம் அம்மாவுக்குத் தீராத தலையிடி. கிழங்கக்கா கேட்டார். "எனக்கு ஒருத்தரோடையும் கோவமில்லை" என்று அம்மா கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கோபம் ஹவுன்ஸ்லோ மாமாவோடு. அவர் மகள் பூப்படைந்ததற்கு வைத்த சாமத்திய வீட்டில் அம்மாவை மேடைக்குப் போட்டோ எடுக்கக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. போர் நடந்த எங்கள் ஊரிலிருந்து உறவுகளைப் பற்றி ஒரு சேதியும் வராத வருடம் அது. இந்த நாட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே கூடப்பிறப்பும் இப்படி.

இதை நான் போய்ச் சொல்ல, ஒரே குழியடுப்பில் சூடான கற்களுக்கிடையே வெந்ததை அம்மாவும் மாமாவும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று கிழங்கக்கா தீர்ப்புச் சொன்னார். பன்றி வேண்டாம் என்று கெஞ்சிக் கோழிக்கு இறக்கினேன். ஒரு சனிக்கிழமை தோட்டத்தில் குழி வெட்டி, வாழையிலை வாங்கி, பக்கத்தில் விறகு மூட்டிக் கற்களைச் சூடாக்கினார். அவருடைய ஊரில் நெருப்புக்குப் பழகிய கற்களைப் பத்திரமாக வைத்திருப்பார்களாம். இங்கே பூந்தோட்டக் கடையில் வழுவழுவென்று அழகாக இருந்தவற்றைப் பொறுக்கி வந்திருந்தார்.

'அக்காவுக்குச் சுகமில்லை' என்று போன் போக, மாமா விமான நிலையச் சீருடையோடு ஓடி வந்தார். அம்மா கதிரையை வேலிப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அப்போது முதல் கல் வெடித்தது.

அம்மா எப்படிப் பாய்ந்தார் என்று நான் காணவில்லை. பார்த்தபோது மாமாவின் மொட்டைத் தலையைப் புல்லில் அமுக்கி, மேலே கவிழ்ந்து படுத்திருந்தார். "படடா தம்பி! தலையைத் தூக்காதை!"

இன்னொரு கல் வெடித்தது. இருவரும் அசையவில்லை. பிறகு புல்லுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எடேய், என்னை ஏன்டா போட்டோவுக்குக் கூப்பிடேல்லை?"

"தேடினனான் அக்கா. நீ குசினியிலை வடையைக் குறை சொல்லிக்கொண்டு நிண்டாய்."

"குறை சொல்லக்கூடிய வடைதானே!"

இருவரும் படுத்தபடியே சிரித்தார்கள். பிறகு அழுதார்கள்.

"சொல்லியாச்சு. இனி ஜெபம்" என்றார் கிழங்கக்கா, முகமெல்லாம் சாம்பலோடு. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிடவா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் மெல்பா மொழியில் அவசரமில்லாமல் ஆறுதலாக ஜெபித்து முடித்தார். கோழியைக் கடைசியில் எங்கள் அடுப்பில்தான் வேகவைத்தோம். குழியிலிருந்து எடுத்த அரைவேக்காட்டுக் கிழங்கை அம்மாவும் மாமாவும் ஒரே இலையில் தின்றார்கள். தலையிடி அன்றோடு போயிற்று என்பார் அம்மா. காலையில் ஒரு வலிநிவாரணிக் குளிசையும் போட்டவர் என்பதைப் பதிவு செய்வது என் கடமை.

படிப்பு முடிந்து கிழங்கக்கா ஊருக்குப் புறப்பட்ட காலையில் நான் காய்ச்சலோடு படுத்திருந்தேன். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டார்.

"ஆரோடை கோவம்?"

"உங்களோடைதான்" என்றேன்.