உங்ககிட்ட மட்டும் சொன்ன ஆந்தை

இயற்கை ஆர்வலர்களில் பல ரகம் உண்டு. குப்பை பொறுக்குகிறவர், மரம் நடுகிறவர், மரம் நடும்போது படம் எடுத்துக்கொள்கிறவர். இவர்களுக்கு நடுவே பரம சாதுவாக ஒருவர் இருப்பார். அவர்தான் ரகசியம் காப்பவர். ஒரு பறவைக் கூட்டைக் கண்டுவிட்டால் ஊருக்குச் சொல்ல மாட்டார். செத்தாலும் சொல்ல மாட்டார். உங்களிடம் மட்டும்தான் சொல்வார்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு விடிந்தால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கிளம்பிவிடுகிற மனிதர். அப்படிப் போனபோதுதான், கைவிட்ட கல்குவாரி ஒன்றின் பாறை விளிம்பில் ஒரு கொம்பன் ஆந்தையையும் பஞ்சுருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகளையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, அதில் கேலிக்கு இடமில்லை. குஞ்சுகள் பறக்க இன்னும் ஐந்து வாரம் ஆகும், அதுவரை ஆள் நடமாட்டம் ஆகாது, தாய் மிரண்டு போய்விட்டால் குஞ்சு தங்காது. இவ்வளவும் தெரிந்தவர் அவர். உயிரே போனாலும் வாய் திறப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். மனைவியிடம் சொன்னதெல்லாம் சொன்னதில் சேருமா? மச்சானிடம் சொன்னார். மச்சான் என்ன வேற்று ஆளா? மறுநாள் கடையைத் திறந்தார். கண் பரிசோதிக்கும் அறை ரகசியத்துக்கென்றே கட்டியது மாதிரி இருக்கும். மங்கிய வெளிச்சம், சாத்திய கதவு, முகத்தில் கனத்த ஃபிரேமை மாட்டிக்கொண்டு எழுந்து ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"முதல்ல போட்டதுதான்."

"சரி. உங்களுக்குப் பறவைன்னா பிடிக்குமா?"

"கண்ணுல பட்டா பார்ப்பேன்."

"அது போதும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

பிறகு எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பாறையோரம் நின்றால் குஞ்சு நன்றாகத் தெரியும், எத்தனை மணிக்கு வெயில் கண்ணில் அடிக்காது, வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று விளக்கி, பவர் எழுதும் சீட்டின் பின்புறம் வழியும் வரைந்து கொடுத்து, கடைசியில் கையடித்துச் சத்தியமும் வாங்கிக்கொள்வார். சத்தியம் வாங்குவதில் மனிதர் படு கறார்.

மூன்றாவது ஞாயிறு அவர் போனபோது குவாரி வாசலில் பதினேழு வண்டிகள் நின்றன. உள்ளே குழந்தை குட்டியோடு ஒரு கூட்டம், ஒருவரையொருவர் "உஷ்" என்று அதட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் போட்டிருந்த கண்ணாடிகளில் பாதி அவர் கடையில் வாங்கியவை. பாறை விளிம்பு காலியாக இருந்தது. கீழே கற்களுக்கிடையில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. மற்றதையும் தாயையும் காணோம்.

"யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார் அவர்.

"என் மச்சினன். எனக்கு மட்டும்தான் சொன்னான்."

"எங்க மேனேஜர். என்கிட்ட மட்டும்."

"நீங்கதானே சார் சொன்னீங்க," என்றார் போன வாரம் பைஃபோகல் வாங்கியவர்.

"உங்களை நம்பித்தானே சொன்னேன்? சத்தியம் பண்ணீங்களே," என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார் கடைக்காரர்.

அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இனி மனிதர்களை நம்புவதில்லை என்று முடிவு செய்து, அந்த முடிவைக் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துக் குவாரியின் பின்பக்கப் பொந்து ஒன்றில் தாயும் மிஞ்சிய குஞ்சும் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

நான் அந்த மாதிரி ஆள் இல்லை. இவ்வளவு எழுதியும் ஊர்ப் பெயரைச் சொன்னேனா? ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, அது எந்தக் குவாரியாக இருக்கும் என்று உங்களுக்கு ஒரு குறுகுறுப்பு வந்தது இல்லையா? வந்திருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். அதை இப்படி எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக வாருங்கள்.