ஜன்னலோரத் துண்டு

மேசை, நாற்காலி, மைக் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு துண்டை வைத்துப் பேரூராட்சியை ஆண்டவர் உலகத்திலேயே எங்கள் துண்டு அண்ணாத்த ஒருவர்தான்.

அவர் கவுன்சிலர்கூட இல்லை. கேளம்பாக்கத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் பாதி வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், மனைவி வசந்தாவை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். புருஷன்மார் மன்றத்துக்குள் வரக்கூடாது என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டதால், வெளியே ஜன்னலோரம் நின்றுகொண்டார். துண்டு இடது தோளில் இருந்தால் தீர்மானத்துக்கு ஆதரவு. வலது தோள் என்றால் எதிர்ப்பு. தலையில் கட்டினால் வெளிநடப்பு. ஆளுங்கட்சிக்காரர் எட்டுப் பேரும், ஆம்பளைகளும் சேர்த்துத்தான், தலைவரைப் பார்க்காமல் ஜன்னலையே பார்ப்பார்கள்.

ஒருநாள் குளவி துரத்த, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். எட்டுப் பேரும் எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு வந்த போண்டா முழுக்க எதிர்க்கட்சிக்காரர்களான எங்களுக்கு. இன்னொரு நாள் வியர்வையைத் துடைத்துவிட்டு மறதியாக வலது தோளில் போட்டார். சொந்தக் கட்சி மாஜி தலைவருக்கான இரங்கல் தீர்மானம் தோற்றுப்போனது. அந்தக் குடும்பம் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

நான் எதிர்க்கட்சிக் கவுன்சிலர். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு இரண்டு தடவை தீர்மானம் கொண்டுவந்தேன். இரண்டு தடவையும் வலது தோள். அங்கே மீன் விற்கும் கன்னியம்மா சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை, குடித்தால் போக இடமில்லை. ஒருநாள் மயங்கியே விழுந்துவிட்டாள். நேரே ஜன்னலுக்குப் போனேன்.

"ஏன் அண்ணாத்த, பொம்பளைங்களுக்கு பாத்ரூம் கட்னா உங்க கட்சிக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

"தீர்மானம் நல்லாத்தாம்மா கீது. நீ கொண்டாந்த பாரு, அதான் பேஜாரு. பேரு உங்க கட்சிக்குப் பூடும். மேலிடத்துல என்னை உரிச்சிடுவாங்க."

மூன்றாவது தடவையும் கொண்டுவந்தேன். இதுவும் தோற்றால் இந்த வருஷம் கழிப்பறை கிடையாது. கன்னியம்மா கூடையோடு வந்து ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். எட்டுத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.

துண்டைக் காணோம். இரண்டு தோளும் காலி. அண்ணாத்த தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி முழித்தார்கள். வசந்தா கொஞ்ச நேரம் புருஷனையே பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். அடுத்து பக்கத்து நாற்காலி, அப்புறம் மொத்தமும். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

வெளியே வந்து, "துண்டு எங்க அண்ணாத்த?" என்றேன்.

"கன்னிம்மா சும்மாட்டுக்குத் துணி கேட்டுச்சி, குட்த்துட்டேன். மீன் கூடை கனம் இல்ல?"

மறுநாள் கன்னியம்மாவிடம் இதைச் சொன்னேன். "நான் எங்க கேட்டேன்? என் சும்மாடு என் தலையிலதான் இருந்துச்சி. அண்ணாத்ததான் தானா வந்து துண்டக் கைல திணிச்சிட்டு மரத்தப் பாத்துகினு நின்னுச்சி" என்றாள்.

கட்சியில் அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். துண்டு காற்றில் போய்விட்டது என்று சாதித்துவிட்டார். கழிப்பறை வந்துவிட்டது. கன்னியம்மா இப்போது எங்கள் முன்னாலேயே சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிக்கிறாள். வசந்தா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள்.

செங்கல்பட்டு போனபோது கட்சிக் கரை இல்லாத வெள்ளைத் துண்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். எந்தத் தோளில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், எங்கள் அண்ணாத்த.