ஒன்பது ஜன்னலும் ஒற்றைச் சாளரமும்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் தொலைபேசியில் உங்கள் குரல் கம்மியிருந்தது. சளி என்றீர்கள். அது சளிதானா, என்னிடம் எதையாவது மறைக்கும்போது வருகிற கம்மலா என்று எனக்கு ஒரு சந்தேகம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அலுவலகத்தில் வைத்துப் படிக்க வேண்டாம்.

நம் வீட்டுக் கீழ்த்தளத்தை ஏற்றுமதி அனுமதி அலுவலகத்துக்கு வாடகைக்கு விட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். பின்பக்க அறையை மட்டும் உங்கள் அத்தை தனக்கென்று வைத்துக்கொண்டு, சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக் கையுறைகளைத் தைக்கிறாள். அவற்றில் ஒரு பெட்டி வேண்டுமென்று வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். மாதக் கடைசியில் கப்பல். அதற்குள் தைத்து, அனுமதியும் வாங்கிவிட்டால், அவள் கைவேலை முதல்முறையாகக் கடல் தாண்டும். இதில் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ரேடியோவில் துறைமுகச் செய்தி வந்தால் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். எனக்கோ முதல் நாளிலிருந்தே சந்தேகம். அவர்கள் நாட்டில் துணி இல்லையா, ஊசி இல்லையா, கைதான் இல்லையா, எதற்கு நம் வீட்டுப் பின்னறையைத் தேடி வருகிறார்கள் என்று கேட்டேன். "கை இருக்கறதாலதாங்க கையுறை கேக்கறாங்க, சும்மா இருங்க" என்றாள்.

இந்த நேரத்தில்தான் உங்கள் அமைச்சகத்துச் சுற்றறிக்கை வந்தது. நம் நாடு உலக வணிக அமைப்பில் சேரப்போகிறதாம். ஆகவே இந்த மாத இறுதிக்குள் அனுமதி அலுவலகங்கள் அனைத்தும் ஒற்றைச் சாளர முறைக்கு மாற வேண்டுமாம். மாறிய விவரத்தைப் படத்துடன் தெரிவிக்க வேண்டுமாம். கீழ்த்தள அலுவலகத்துக் கண்காணிப்பாளர் அதை மூன்று தடவை படித்துவிட்டு மாடியேறி வந்து என்னிடம் அகராதி கேட்டார். நான் சந்தேகப்படாமல் கொடுத்த ஒரே பொருள் அதுதான். சாளரம் என்றால் ஜன்னல் என்று பார்த்துக்கொண்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை வாசலில் செங்கல் வண்டி நின்றது.

கீழ்த்தளத்தில் மொத்தம் ஒன்பது ஜன்னல். எட்டை அடைத்து ஒன்றை விடப்போவதாகச் சொன்னார்கள். நான் இறங்கிப் போய், "சார், நான் இலக்கணம் நடத்தினவன். இது உருவகமா இருக்கலாம். முகத்தை நிலான்னு சொன்னா ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்த் தேடுவோமா?" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உருவகம்னு இதுல எங்கேயும் போடலையே ஐயா. நாளைக்குத் தணிக்கைல கேட்டா உங்களையா கூட்டிட்டுப் போய் நிறுத்த முடியும்? எங்களுக்கு மட்டும் இருட்டுல உக்காரணும்னு வேண்டுதலா?" என்றார். கொத்தனார் தன் பாட்டுக்குக் கலவை போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க ஏன் சார் வாயைக் குடுக்கறீங்க? இன்னிக்கி அடைக்கக் கூப்பிட்டாங்க, நாளைக்கி இடிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. நாடு முன்னேறுதுல்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது, மாப்பிள்ளை. ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பையன் புதிதாகச் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, பையில் என்ன இருக்கிறது, பென்சிலை யாருக்கு இரவல் தருவாய், ஒருவனுக்குத் தந்தால் எல்லாருக்கும் தருவாயா என்று குடைகிறார்கள். அவனும் சேர்த்துக்கொண்டால் போதும் என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுகிறான். கேட்டவர்களில் ஒருவனாவது தன் பையைத் திறந்தானா? திறக்கவே மாட்டான். நான் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! நம் பையைத் திறக்கச் சொன்னவர்கள் இப்போது நம் ஜன்னலை மூடச் சொல்கிறார்கள் என்றால், நாம் பார்க்கக் கூடாத ஏதோ ஒன்று தெருவோடு வரப்போகிறது என்றுதானே பொருள்? என்ன வரப்போகிறது? உங்களுக்குத் தெரிந்திருக்கும். சளி என்கிறீர்கள்.

சாயங்காலத்துக்குள் ஏழு ஜன்னல் போய்விட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று கண்காணிப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் இருப்பது, மற்றது உங்கள் அத்தையுடையது. பின்னறையை நாங்கள் வாடகைக்கே விடவில்லை என்று வாதாடினேன். "கட்டடம் ஒண்ணு, கதவு எண் ஒண்ணு, சாளரமும் ஒண்ணுதான் ஐயா" என்றார் அவர். கொத்தனார் செங்கலோடு பின்சந்துக்கு வந்துவிட்டார். அந்த வெளிச்சம் போனால் தையல் போச்சு, பெட்டி போச்சு, கப்பலும் போச்சு. உங்கள் அத்தை தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். "ஏன் சார், உங்களுக்கு ஒண்ணு இருந்தாப் போதும், அவ்வளவுதானே? இதையே வச்சுக்கங்க. உங்களோடதை அடைங்க" என்றாள். கண்காணிப்பாளர், "அது தையல் ரூமாச்சேம்மா" என்று இழுத்தார். "சுத்தறிக்கைல எந்த ரூமுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். போடவில்லை. கொத்தனார் கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்கு நடந்தார்.

அன்றிலிருந்து எங்கள் பின்சந்தில் வரிசை நிற்கிறது. பொம்மை வியாபாரி, பாய் வியாபாரி, விளக்குமாற்றுக் கம்பெனிக்காரர் எல்லாரும் தலையையும் அனுமதி மனுவையும் உள்ளே நீட்டி, "அக்கா, இதைக் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்கிறார்கள். பகலில் பாதி நேரம் மின்சாரம் இல்லாததால், உள்ளே ஐந்து மேசையிலும் ஒருவருக்கும் தன் கை தனக்குத் தெரியவில்லை. குமாஸ்தாக்கள் சுவரைத் தடவிக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி உங்கள் அத்தையின் மேசைக்கே வந்துவிடுகிறார்கள். முன்பு ஒரு மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக வாரம் ஒன்று ஆகும். இப்போது ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், ஒருவர் போட்ட கையெழுத்து காய்வதற்குள் அடுத்தவர் போட்டுவிடுகிறார். "தள்ளி உக்காருங்க, துணி கசங்குது" என்று இவள் அதட்டுகிற அதட்டலில் இன்னும் வேகமாகப் போடுகிறார்கள். பாய் வியாபாரி காலையில் கொடுத்ததை மத்தியானம் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, "சார், இதுல ஏதும் சூது இல்லையே?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான் என்று சொன்னேன். இவ்வளவு சீக்கிரம் ஒரு காரியம் நடந்தால் யார்தான் நம்புவார்கள்?

ஆனால் இவளுடைய தையல் நின்றுவிட்டது, மாப்பிள்ளை. மேசை முழுக்க மற்றவர்கள் காகிதம். பாதிக் கையுறைகள் விரல் இல்லாமல் கூடையில் கிடக்கின்றன. தன் மனுவை மேலே வைத்துவிடேன் என்றால், "ஜன்னல்ல உக்காந்திருக்கறவளே முந்தினா நல்லா இருக்குமா?" என்று அடியில் வைத்திருக்கிறாள். நேற்று ரேடியோவில் துறைமுகச் செய்தி வந்தது. வரிசைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகையால் நான் கேட்பது இதுதான். சாளரம் என்பது ஜன்னல் அல்ல என்று உங்கள் கையெழுத்திலேயே உடனடியாக ஒரு விளக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள். எட்டு ஜன்னலும் திறக்கட்டும். அவரவர் அவரவர் மேசைக்குப் போகட்டும். உங்கள் அத்தைக்கு அவள் வெளிச்சம் திரும்பக் கிடைக்கட்டும். உலகத்தோடு சேருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மகளுக்கு என் ஆசிகள். நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, ஜன்னல் உள்ள அறையில் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் அன்பும் கொஞ்சம் சந்தேகமும் உள்ள
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் கீழே போனேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். இவளுடைய மனு நேற்றே மேலே வந்து, ஐந்து கையெழுத்தும் விழுந்துவிட்டதாம். தையல் என்ன ஆயிற்று என்றால், வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு ஊசி கொடுத்திருக்கிறாள். விளக்குமாற்றுக் கம்பெனிக்காரர் கட்டைவிரலுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். பெட்டி நிறைந்துவிட்டது. இதில் இன்னொன்று. நான் கேட்பதற்கு முன்பே உங்கள் விளக்கச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. தபால்காரரும் ஒற்றைச் சாளரத்தில்தானே கொடுப்பார்? நல்ல கெட்டித் தாள் என்று, கையுறைத் துணி வெட்டும் அளவுத்தாளாக இவள் அதைக் கத்தரித்துவிட்டாள். உள்ளங்கையில் 'சாளரம் என்பது உருவகமே' என்ற வரியும், கட்டைவிரலில் உங்கள் கையெழுத்தும் இருக்கின்றன. மாப்பிள்ளை கையெழுத்தாயிற்றே என்று அதை மட்டும் வெட்டுப்படாமல் சுற்றிப் போயிருக்கிறாள். ஆக, தங்கள் சுற்றறிக்கை இன்னும் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. இரண்டாம் பிரதி அனுப்ப வேண்டாம். இடது கைக்குத் தாளைத் திருப்பிப் போட்டாலே போதுமாம்.