சம்ரீனுக்குத் தெரியாதாம்

"இந்தப் பச்சையில ரெண்டு ஆறு சைஸ் இருக்காம்மா?"

"தெரியாது."

ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் வளையல் கடை வைத்திருக்கும் பரக்கத் அலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொன்னது அவருடைய மகள் சம்ரீன். வருகிறவர்களின் மணிக்கட்டை ஒரு பார்வை பார்த்து, அளவைச் சொல்லி, சரியான பெட்டியையும் கையில் எடுத்துவிடுகிறவள். பத்தொன்பது வயதாகியும் அவளுக்குக் கூட்டல் கழித்தல் வராது. ஆனால் அந்தக் கடையே அவளை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கு, கண்ணு!"

"நீங்கதான அத்தா, தெரியாதுன்னு சொல்லச் சொன்னீங்க?"

வந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

குற்றம் முழுக்க பரக்கத் அலியுடையதுதான். சம்ரீனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. பதினெட்டு வயது வரை அத்தா போட்ட கையெழுத்தே அவளுக்கும் கையெழுத்து. பதினெட்டு முடிந்ததும், சட்டத்தின் கண்ணில் பெற்ற அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றாகிவிட்டார்கள். அவருடைய மனைவி ஜஹானாரா மவுத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முன் பாலக்கரை வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். அந்த வீட்டு விஷயமோ, பாங்கோ, ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் "நீங்க சட்டப்பூர்வப் பாதுகாவலரா?" என்று கேட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் கமிட்டி அப்படி ஓர் உத்தரவு கொடுக்காவிட்டால், மகளுக்காக எந்த ஜன்னலிலும் நின்று பேச அவருக்கு உரிமை கிடையாது. மனுப் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை விசாரணை.

இந்த நேரத்தில்தான் யோசனை சொல்ல ரெங்கராஜ் வந்து சேர்ந்தார். கைலாசபுரத்துக்காரர். அவர் மகனும் சம்ரீனும் ஒரே சிறப்புப் பள்ளியில் படித்தவர்கள்.

"பாய், உங்க பொண்ணு டக்கு டக்குன்னு பதில் சொல்லும். 'இவ்வளவு விவரமா இருக்கே, இதுக்கு எதுக்கு கார்டியன்?'னு ஃபைலை மூடிடுவாங்க. எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லப் பழக்குங்க."

ரெங்கராஜ் இன்னும் மனுவே போடவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவரிடம் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

சம்ரீனுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. சொன்ன சொல்லை மீற மாட்டாள். அன்றைக்கு ராத்திரியே வீட்டில் அது தெரிந்தது.

"சம்ரீனு, என் பிரஷர் மாத்திரை எங்க?"

"தெரியாது."

"கடைச் சாவி?"

"தெரியாது."

அந்த வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது சம்ரீன் ஒருத்திக்குத்தான் வெளிச்சம். மறுநாள் பரக்கத் அலி மாத்திரை போடாமல், தொப்பி இல்லாமல், ஒரு செருப்பு பழசும் ஒன்று புதுசுமாகக் கடைக்குப் போய், பூட்டின கதவின் முன்னால் நின்றார். இதை இப்படியே விட்டால் விசாரணை வரை தானே தாங்க மாட்டோம் என்று அவருக்குப் பட்டது. விதியைத் திருத்தினார்.

"கண்ணு, வீட்ல வேணாம், கடையில வேணாம். கலெக்டர் ஆபீஸ் உள்ள போனதும் மட்டும் தெரியாதுன்னு சொல்லு. போதும்."

"யார் கேட்டாலுமா அத்தா?"

"யார் கேட்டாலும்."

திங்கட்கிழமை வந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலைத் தாண்டி, மாடி ஏறி, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆபீஸ் உதவியாளர் டோரதி வெளியே வந்து கேட்டார்.

"ஒரிஜினல் சர்டிபிகேட் ஃபைலைக் குடுங்க பாய்."

பரக்கத் அலி கையைப் பார்த்தார். காலி.

"சம்ரீனு, ஃபைல் எங்க?"

"தெரியாது."

"ஐயோ, இது நான் கேக்கறேன்டா!"

"யார் கேட்டாலும்னு சொன்னீங்க."

கெஞ்சினார், அதட்டினார், மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னார். சம்ரீன் அசையவில்லை. கடைசியில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியிறங்கி, கேட்டைத் தாண்டி ரோட்டில் நிறுத்தி, மூச்சு வாங்க அதே கேள்வியைக் கேட்டார்.

"என் பையில இருக்கு அத்தா. ஆட்டோவுல விட்டுட்டு எறங்கினீங்க. நான்தான் எடுத்து வெச்சேன்."

பரக்கத் அலி மறுபடியும் மாடி ஏறினார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தேவதர்ஷினி என்ற அதிகாரி. ஒரு பக்கம் தொண்டு நிறுவனத்துக்காரர், மறுபக்கம் சக்கர நாற்காலியில் ஒரு உறுப்பினர். சம்ரீன் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் பேரு என்னம்மா?"

"தெரியாது."

"எங்க இருக்கீங்க?"

"தெரியாது."

"வீட்ல என்ன வேலை செய்வ?"

"தெரியாது."

அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. ரெங்கராஜ் பக்கத்தில் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். ஆனால் பரக்கத் அலியால் ஏனோ நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

"உங்க அம்மா பேரு என்னம்மா?"

சம்ரீன் ஒரு நிமிஷம் தயங்கினாள். அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனாலும் சொன்ன சொல்லை மீறவில்லை.

"தெரியாது."

பரக்கத் அலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பொய்ம்மா! அத்தனையும் பொய்! அவளுக்கு அவ அம்மா பேரு தெரியாதா? தெனம் தொழுதுட்டு அந்தப் பேரைச் சொல்லித்தாம்மா துஆ கேப்பா. நான்தான் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன். கையைப் பாத்தே வளையல் அளவு சொல்லுவா. என் மாத்திரை, என் சாவி, இந்த ஃபைலு, எல்லாம் அவதான். கணக்கு வராது, அது நெசம். யாராச்சும் சிரிச்சுப் பேசி ஒரு பேப்பரை நீட்டினா கையெழுத்துப் போட்டுடுவா, அதுவும் நெசம். அதுக்குத்தாம்மா நான் வேணும். மத்த எல்லாத்துக்கும் எனக்குத்தான் அவ வேணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அத்தனை நாள் பயிற்சியை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டார்.

அதிகாரி சம்ரீன் பக்கம் குனிந்தார். "அத்தா உனக்கு கார்டியனா இருக்கட்டுமாம்மா?"

"அத்தா, இப்ப என்ன சொல்லணும்?"

"உனக்குத் தோணுறதைச் சொல்லு கண்ணு. இனிமே எப்பவும் அப்படியே சொல்லு."

"இருக்கட்டும் மேடம். ஆனா மாத்திரையை நான்தான் எடுத்துக் குடுப்பேன். அவங்க மறந்துடுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி ஏதோ எழுதினார். "வெளியில இருங்க" என்றார்.

பெஞ்சில் பரக்கத் அலி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஃபைலை மூடிவிட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தன் வாயாலேயே மகளைக் கெட்டிக்காரி என்று நிரூபித்தாகிவிட்டது. ஆனாலும், அதற்காக அவரால் வருத்தப்பட முடியவில்லை. இப்படி ஒரு பிள்ளையை ஒன்றும் தெரியாதவள் என்று எந்த வாயால் சொல்லுவது? அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கத்தித்தான் இருப்பார்கள்.

மத்தியானம் டோரதி ஒரு காகிதத்தோடு வந்தார்.

"உத்தரவு வந்துடுச்சு பாய். பத்திரம், பாங்க், ஆஸ்பத்திரிக் கையெழுத்துக்கு நீங்க பாதுகாவலர். மத்ததெல்லாம் பாப்பாவோட முடிவுன்னு எழுதியிருக்காங்க. வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

பரக்கத் அலி பேனாவை வாங்கினார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "எப்படிம்மா? அவ எல்லாத்துக்கும் தெரியாதுன்னா, நான் எல்லாம் தெரியும்னேன். இந்தப் பரீட்சையில எப்படி அவளை பாஸ் போட்டாங்க?"

டோரதி சிரித்துவிட்டார்.

"பாப்பாவைப் பத்தி டாக்டர் சர்டிபிகேட்லயே எல்லாம் இருக்கே பாய். இன்னிக்கு உள்ள பரீட்சை வெச்சது உங்களுக்கு!"